தோளில் தட்டினால் விலக வேண்டும்

அக்கா முன்னறைக் கம்பளத்தை உரித்துப் போட்டதால்தான் நான் லண்டன் போக வேண்டி வந்தது.

அக்காவின் மகன் ஜூட், இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து மன்னாருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்ன முதல் முறைப்பாடு அதுதான். “மாமா, அம்மா காபெட்டைக் கழட்டி வெளியிலை போட்டிட்டா. பலகையிலை பவுடரைக் கொட்டிப்போட்டு ஆடுறா. எழுபத்தி நாலு வயசு. வழுக்கி விழுந்தா ஆர் தூக்கிறது? இனி அவ தனிய இருக்கேலாது. வீட்டை வித்துப்போட்டு என்னோடை கூட்டிக்கொண்டு போகப்போறன். நீங்கள் வந்து சொன்னாத்தான் கேப்பா.”

நான் சொல்லி அக்கா கேட்ட சரித்திரம் எங்கள் வீட்டில் கிடையாது. முப்பத்தைந்து வருடம் நில அளவையாளனாக இருந்தவன் நான். வேலிச் சண்டைக்காரர்கள்கூட நான் அளவு நாடாவை விரித்தால் வாயை மூடிக்கொள்வார்கள். அக்கா மூடியதில்லை. ஆனாலும் போனேன். இரண்டு வருடங்களுக்கு முன் அத்தான் இறந்தபோது எனக்கு விசா கிடைக்கவில்லை. அடக்கத்தைத் தொலைபேசித் திரையில் பார்த்து அழுதவன் நான். அக்காவின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்ல முடியாமல் போனது மனதில் முள்ளாய்க் கிடந்தது.

நவம்பர் மாதம். எங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் இறந்தவர்களுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கும் மாதம். திங்கட்கிழமை மத்தியானம் ஜூட் விமான நிலையத்துக்கு வந்து, லண்டன் குரோய்டனில் அக்கா வீட்டுக் கேற்றடியில் என்னை இறக்கினான். பெட்டியைப் படியில் வைத்தான். தாயின் கன்னத்தில் முத்தமிட்டான். வாசலைத் தாண்டவில்லை.

“ஷிப்ட் இருக்கு அம்மா” என்றான். காரை எடுத்துக்கொண்டு போயே விட்டான்.

“போன நத்தாரோடை அவன் உள்ளுக்கு வாறதில்லை” என்றார் அக்கா. கிறிஸ்துமஸ் முடிந்து பதினோரு மாதம். அதைச் சொல்லும்போது குரலில் கோபம் இல்லை. “வா தம்பி, இடியப்பம் ஆறுது.”

வீட்டுக்குள் காலை வைத்ததும் பவுடர் வாசம் அடித்தது. ஞானஸ்நான வீடுகளில் வருமே, அந்த வாசம். இடியப்பம், சொதி, மாசிச் சம்பல் எல்லாம் மன்னாரைவிட நன்றாகவே இருந்தன. அளந்து பேசுகிறவன் என்ற முறையில் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சாப்பிட்ட பிறகு முன்னறையை எட்டிப் பார்த்தேன். கம்பளம் இல்லை. சோபாக்கள் சுவரோரம் ஒதுங்கி நின்றன. நடுவில் வெறும் பலகைத் தரை. மூலையில் ஒரு பழைய ரெக்கோர்ட் பிளேயர். அதற்குக் கீழே அத்தானின் சப்பாத்துகள், கறுப்பும் வெள்ளையும் கலந்த தோல் சப்பாத்துகள், துடைத்து மினுக்கி வைக்கப்பட்டிருந்தன.

சுவரில் அத்தானின் படம். வலது கையை அக்காவின் தோளில் போட்டிருந்தார். அந்தக் கையில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும்தான். மற்ற இரண்டையும் இங்கு வந்த புதிதில் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையின் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டார். அவர் ஆள் அப்படி, “ஆடுறதுக்கு மூண்டு காணும்” என்று எனக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

அத்தான் இளந்தாரியாகக் கொழும்புத் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். ஐரோப்பிய வழிவந்த பறங்கிச் சிநேகிதர்களின் கல்யாண வீடுகளில்தான் ஜைவ் என்ற சோடி ஆட்டம் பழகினார். அமெரிக்காவில் பிறந்த ரொக் அண்ட் ரோல் வானொலியில் ஏறிக் கொழும்புக்கு வந்திருந்த காலம். அக்காவுக்கும் பழக்கினார். ஆட்டக்காரன் என்று எங்கள் அப்பா கடைசி வரைக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் அந்தக் காலத்தில் அப்பாவின் பக்கம்தான் நின்றேன். அது இப்போது வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை நான் செய்த வீரச்செயல், ட்ராமில் தனியாகப் போனது. கடைத்தெருவுக்குப் போக வேண்டியவன் எதிர்ப்பக்கம் போகும் ட்ராமில் ஏறி, மரங்கள் அடர்ந்த ஒரு நிறுத்தத்தில் கொண்டுபோய் விடப்பட்டேன். நிலத்தை அளந்து பிழைத்தவனுக்குத் திசை தெரியவில்லை. மன்னார் பஸ்ஸில் என்றால் ஏறும்போதே நடத்துநர், “ஐயா, இது தலைமன்னார் போறது” என்று கத்தியிருப்பார். இங்கே பக்கத்தில் இருந்த பெண்மணி என் தவிப்பை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கும்போது, “நல்ல நாளாக இருக்கட்டும்” என்று வாழ்த்தினார்.

திரும்பி வந்தபோது நாலு மணி. அந்த ஊரில் நவம்பரில் நாலு மணிக்கே வெளிச்சம் மங்கிவிடும். கேற்றைத் திறக்கும்போது பாட்டு கேட்டது. அதோடு காலடி. பலகையில் வைக்கும் காலடி தெருவரைக்கும் கேட்கும். ஒன்று இலேசான கால். மற்றது கனத்தது, தோல் அடிச் சப்பாத்தின் சத்தம். ஜூட் வந்திருக்கிறான் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் தெருவில் அவனுடைய கார் இல்லை.

மெல்லிய திரைச்சீலை வழியாகப் பார்த்தேன். அறையில் அக்கா மட்டும்தான் நின்றார். பின்னால் ஒரு அடி, முன்னால் ஒரு அடி, பக்கவாட்டில் மூன்று சின்ன அடி. வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, அதற்குக் கீழே சுற்றினார். தனியாகச் சுற்றுகிறவரின் கை உடம்போடு சேர்ந்து அலையும். அக்காவின் கை அலையவில்லை. நான் நிலத்தில் அறைந்த முளைக்கட்டை நிற்குமே, அப்படி ஒரே இடத்தில் நின்றது. உடம்புதான் அதன் கீழே சுற்றியது.

பாட்டு முடிந்தது. நான் சாவியைப் போட்டுத் திறந்தபோது அக்கா குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். முன்னறைக்குள் போய்க் குந்தினேன். தரையில் வெள்ளைப் பவுடர். அதில் அக்காவின் சின்னக் கால் தடங்கள். அவற்றுக்கு எதிரே, நுனிக்கு நுனி பார்த்தபடி, பெரிய சப்பாத்துத் தடங்கள்.

தொழில் புத்தி விடவில்லை. சாணால் அளந்தேன். இரண்டுக்கும் இடையில் ஒன்றரை அடி. அக்கா முதலில் தன் காலோடும் பிறகு அத்தானின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டும் ஆடியிருக்கலாம் என்று எனக்கு நானே சொன்னேன். அப்படியென்றால் ஒரு வகைத் தடம் முழுவதும் மற்றதன் மேல் விழுந்திருக்க வேண்டும். இங்கே ஓரிடத்தில் சின்னது பெரியதன் மேல் கிடந்தது. நாலு அங்குலம் தள்ளிப் பெரியது சின்னதன் மேல் கிடந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆடினால்தான் அப்படி விழும்.

“அக்கா, அத்தான்ரை சப்பாத்தை ஆர் போட்டது?”

“ஆரும் போடேல்லை. ஏன்?” தேத்தண்ணியை நீட்டினார். “சீனி காணுமோ எண்டு பார்.”

புதன்கிழமை முழுவதும் நான் சொல்ல வந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. கடைக்குப் போகும் வழியில் குடிவரவு அலுவலகம் இருந்த பெரிய அரசாங்கக் கட்டடத்தைக் கடந்தோம். அகதி விண்ணப்பத்தோடு விடியற்காலையில் வந்து வரிசையில் நின்ற கதையைச் சொன்னார் அக்கா. “உன்ரை அத்தான் குளிருக்கு நடுங்கிக்கொண்டு, வரிசையிலை நிண்டபடியே காலாலை தாளம் போட்டவர். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.”

அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைத் தொடங்கினேன். “அக்கா, ஜூட் சொல்றதிலையும் ஞாயம் இருக்கு. நீங்கள் இஞ்சை தனிய...”

“நாளைக்கு வியாழன்” என்றார். “ஹோலுக்கு வா. பாத்திட்டுப் பிறகு கதை.”

வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, அக்காவின் கோயிலுக்குச் சொந்தமான மண்டபம். முப்பது பேர் இருப்பார்கள். பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். ஆண்கள் தோளில் பட்டி வைத்த காற்சட்டை, பெண்கள் சுற்றினால் குடையாக விரியும் பாவாடை. ஒரு மேசையில் வெள்ளரிக்காய் சாண்ட்விச்சும் பிஸ்கட்டும். காரம் என்ற சாமான் இந்த நாட்டில் இன்னும் கோயில் மண்டபங்களை எட்டவில்லை.

இசைத்தட்டு போடுகிறவர் டோரீன் என்ற அம்மா. ஜமைக்காவில் பிறந்தவர், இளைப்பாறிய ஆஸ்பத்திரித் தாதி. நான் தாளம் தட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்து நிறுத்தினார். நான் மன்னார்க் கோயிலில் தட்டுவதுபோல, நாலு அடித் தாளத்தில் ஒன்றிலும் மூன்றிலும் தட்டிக்கொண்டிருந்தேன். “இரண்டிலும் நாலிலும்” என்றார். “ஒன்றில் தட்டினால் அணிவகுப்பு. இரண்டில் தட்டினால்தான் இடுப்பு அசையும்.”

பிறகு ஒரு வகுப்பே எடுத்தார். பெரிய வாத்தியக் குழுக்களின் ஸ்விங். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் இந்த ஊருக்குக் கொண்டு வந்த ஜிட்டர்பக், அதன் பிள்ளைதான் ஜைவ். தெருச் சந்தியில் நின்ற பையன்கள் வாத்தியம் வாங்க வழியில்லாமல் வாயாலேயே வாசித்த டூ-வொப். கடைசியில் ரொக் அண்ட் ரோல். “எல்லாம் அங்கே கறுப்புச் சனங்கள் படாத பாடு பட்ட காலத்தில் உண்டாக்கியது. உங்களுக்கு அதைப் பாடிய வெள்ளைப் பையன்களின் பெயர்தான் தெரியும், இல்லையா?” நான் பிஸ்கட்டை மென்றேன்.

ட்விஸ்ட் பாட்டு ஒன்று போட்டார். காலால் சிகரெட்டை நசுக்குவதுபோலவும் துவாயால் முதுகைத் துடைப்பதுபோலவும் செய்தால் ட்விஸ்ட். யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை. துணை இல்லாதவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். தனித்துப்போன அக்காவுக்கு ஏற்ற ஆட்டம் இதுதானே என்று பார்த்தேன். அவர் கதிரையில் அசையாமல் இருந்தார்.

“நீங்கள் ஆடேல்லையோ?”

“கை பிடியாத ஆட்டம் என்ன ஆட்டம்?”

அடுத்தது ஜைவ். சோடி இல்லாமல் ஆட முடியாத ஆட்டம். அப்போதுதான் அக்கா எழுந்தார். தனியாகத் தளத்தின் நடுவுக்குப் போனார். வலது கையை வெறுமைக்கு நீட்டினார். ஆடத் தொடங்கினார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சுற்றி ஆடிய சோடிகள் அக்காவுக்கு இடம் விட்டார்கள். எவ்வளவு இடம் என்று என் கண் தானாக அளந்தது. இரண்டு பேருக்கான இடம். பருத்த மனிதர் ஒருவர் பின்னடி வைத்து அந்த வெறுமையில் மோதப் போனார். சட்டென்று நின்று திரும்பி, “மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றார். அவர் அக்காவைப் பார்க்கவில்லை. அக்காவின் தலைக்கு அரை அடி மேலே பார்த்துச் சொன்னார்.

எனக்குப் பயம் வந்தது. அது அப்படியே கோபமாக மாறியது. ஊரெல்லாம் சேர்ந்து என் அக்காவின் பைத்தியத்துக்குத் தாளம் போடுகிறதா? நேரே தளத்துக்குள் நடந்தேன். நீட்டியிருந்த அக்காவின் கையைப் பிடித்தேன்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, கால்கள் எல்லாம் நின்றுவிட்டன. அக்கா கையை உருவிக்கொண்டார். முகம் சிவந்து, கண் கலங்கிவிட்டது. “தம்பி, கேட்டிட்டெல்லோ வரவேணும்? அவருக்கு எப்பிடி இருக்கும்?”

டோரீன் வந்து என்னை ஓரமாக அழைத்துப் போனார். “நீ செய்தது மரியாதை இல்லை” என்றார். திட்டாமல், நோயாளிக்குச் சொல்வதுபோலச் சொன்னார். “அடுத்தது ‘எக்ஸ்கியூஸ் மீ’ ஆட்டம். யாருடைய துணையோடு ஆட விருப்பமோ, அவருடைய தோளில் தட்டு. தட்டுப்பட்டவர் விலக வேண்டும். மறுக்க முடியாது, முகத்தைத் தூக்கவும் கூடாது. அதுதான் சட்டம். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.”

“எவர்?” என்று கேட்டேன். டோரீன் இசைத்தட்டை மாற்றப் போய்விட்டார்.

பாட்டு தொடங்கியது. சும்மா விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அக்கா ஆடிக்கொண்டே என்னைப் பார்த்தார். அத்தானின் அடக்கத்தன்று தொலைபேசித் திரையில் என்னைத் தேடிய அதே பார்வை. எழுந்து போனேன். அத்தானின் உயரம் எனக்குத் தெரியும். தோள் எங்கே இருக்கும் என்று மட்டுக்கட்டிக் கையை நீட்டினேன். இரண்டு விரல்களால் தட்டினேன்.

விரல்கள் கீழே இறங்கவில்லை, நின்றன. கம்பளித் துணியின் சொரசொரப்பு. ஒரு கணம்தான். பிறகு வெறும் காற்று.

அக்காவின் கை என் கைக்கு வந்தது. சூடாகவும் ஈரமாகவும் இருந்தது, இவ்வளவு நேரமும் யாரோ இறுக்கிப் பிடித்திருந்த கைபோல. “இறுக்காதை, தளத்திப் பிடி” என்றார். “பின்னாலை ஒண்டு, முன்னாலை ஒண்டு.” நான் ஆடினேன். அறுபத்தாறு வயதில், அப்பாவின் முகச்சுளிப்பை எல்லாம் மறந்து ஆடினேன். கையை உயர்த்த, அக்கா அதன் கீழே சுற்றிவந்து சிரித்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மிகச் சந்தோஷமாக இருந்தது.

பாட்டில் பாதி போயிருக்கும். என் வலது தோளில் யாரோ தட்டினார்கள். மெதுவாக இரண்டு தரம், பிறகு கொஞ்சம் அழுத்தமாக ஒரு தரம்.

டோரீன்தான் என்று திரும்பினேன். டோரீன் இருபது அடி தள்ளி, மேசைக்குப் பின்னால் நின்றார். அக்காவைத் தவிர எனக்கு மிகக் கிட்ட நின்ற மனிதரே எட்டு அடிக்கு அப்பால்தான். சட்டம் ஞாபகம் வந்தது. அக்காவின் கையை விட்டுவிட்டு, இரண்டு அடி பின்னால் வைத்து விலகினேன்.

நான் விட்ட கை கீழே விழவில்லை. விட்ட உயரத்திலேயே நின்றது. அக்கா அதன் கீழே சுற்றினார்.

திரும்பும் ட்ராமில் எதிரே இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிப்ஸ் தின்றபடி, “கணித டீச்சர் இன்றைக்கு அழுதாராம்” என்று பேசிக்கொண்டு வந்தார்கள். அந்தச் சாதாரணப் பேச்சு எனக்குத் தேவையாக இருந்தது.

“பயந்திட்டியோ?” என்றார் அக்கா.

“ஓம்.”

“நானும் முதல் பயந்தனான். கம்பளம் கிடக்கேக்கை காலடி கேக்கேல்லை. அதுதான் கூடப் பயம். கழட்டின பிறகு சுகம்.” சன்னல் வழியாக வெளியே பார்த்தார். “வீட்டை வித்தா அவர் எங்கை வாறது, சொல்லு?”

எங்கள் நிறுத்தம் வந்தது, இறங்கினோம்.

வெள்ளிக்கிழமை காலை, நேற்று ஆடும்போது போட்டிருந்த என் கோட்டைக் கொளுவியிலிருந்து எடுத்தேன். கடும் நீலக் கோட்டு. வலது தோளில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பவுடர். ஆடும்போது கை வியர்க்குமென்று அத்தான் உள்ளங்கையில் பவுடர் பூசுவார் என்பது எங்கள் குடும்பம் முழுவதுக்கும் தெரியும். பின்பக்கம் ஒரு பெருவிரல் தடம். மேல்பக்கம் இரண்டு விரல்கள். அதற்குப் பக்கத்தில், மற்ற இரண்டு விரல்களும் படவேண்டிய இடத்தில், துணி சுத்தமாக இருந்தது.

கட்டிலில் இருந்துவிட்டேன். அப்போது பார்த்து ஜூட்டின் தொலைபேசி.

“கதைச்சீங்களோ மாமா? என்ன சொல்றா?”

“கதைச்சன் தம்பி. வீட்டை விக்க வேண்டாம்.”

“மாமா, விக்கச் சொல்லத்தானே உங்களைக் கூப்பிட்டனான். அம்மா அங்கை தனிய இருக்கிறா.”

“இல்லை” என்றேன். கோட்டு மடியில் கிடந்தது. “தனிய இல்லை.”

பிறகு அவனுடைய குரல் வந்தது. நாற்பத்தைந்து வயது மனிதனின் குரல், சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டிருந்தது.

“மாமா, உங்கட தோளிலையும் தட்டினவரோ?”

“ஓம்.”

மூச்சு இழுத்து விடுவது கேட்டது. “போன நத்தாருக்கு. அம்மா அழுதுகொண்டிருந்தா எண்டு கையைப் பிடிச்சு ஆடினனான். பின்னாலை தட்டினவர். நான் விலகேல்லை மாமா. அம்மாவை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டிட்டன். திரும்பவும் தட்டினவர். நான் பாட்டை நிப்பாட்டிப்போட்டுக் காரை எடுத்துக்கொண்டு வந்திட்டன்.” அழுதான். “அதுக்குப் பிறகு எந்த முகத்தோடை அந்த வீட்டுக்குள்ளை போறது?”

அவன் வீட்டை விற்கப் பார்த்தது தாய் விழுந்துவிடுவாள் என்ற பயத்தால் அல்ல, தகப்பனுக்கு விலகிக் கொடுக்காத வெட்கத்தால் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அடக்கத்துக்கு வரவில்லை என்று இரண்டு வருடம் புழுங்கியதுபோல, அவனும் ஒரு வருடமாகத் தனியே புழுங்கியிருக்கிறான்.

“வாற வியாழக்கிழமை வா” என்றேன். “இரண்டு மணிக்கு. உன்ரை அப்பாவின்ரை தோளிலை தட்டிக் கேள், தருவார். கொஞ்ச நேரத்தாலை அவர் தட்டுவார். அப்ப விலகு. அவ்வளவுதான்.”

“கோவிப்பாரோ மாமா?”

“முகத்தைத் தூக்கக் கூடாது எண்டது அந்த ஆட்டத்தின்ரை சட்டம்.”

கீழே முன்னறையில் அக்கா தரையில் தூவப் பவுடர் டின்னைத் தட்டும் சத்தம் கேட்டது. ஜூட் மூக்கை உறிஞ்சினான்.

“வாறன்” என்றான்.